வாழையிலைக் கடைகளில் பானத்துக்கு இனி என்ன இடம்?

கல்லாப்பெட்டி, பிரிக்பீல்ட்ஸ்:

எங்கள் குடும்பம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் வாழையிலை உணவகம் நடத்துகிறது. கல்லாவையும் கொள்முதலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். உணவகத் தொழிலைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் கோழி விலை, அந்நியத் தொழிலாளர் அனுமதி, கடை வாடகை ஆகிய மூன்றையே திரும்பத் திரும்பப் பேசுகிறோம். அவை பெரிய சுமைகள்தாம். ஆயினும் நம்மைப் போன்ற கடைகள் நிலைப்பதும் சரிவதும் பானம் கலக்கும் மேடையில்தான் தீர்மானமாகின்றன என்பது என் எண்ணம். அதை விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இலைச் சாப்பாட்டில் சோறு, காய்கறிகள், அப்பளம், ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்கப் பரிமாறப்படுகின்றன. அரிசியோ எண்ணெயோ விலை ஏறினால் அதை உடனே இலையின் விலையில் ஏற்ற முடியாது. கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 50 சென்னுக்குக் கிடைக்கும் உதவித்தொகை எண்ணெய்ப் பொட்டலம் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது; உணவகத்தார் சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆகவே இலையில் மிஞ்சுவது சொற்பம். தேநீருக்கோ தேயிலைத் தூள், பால், சர்க்கரை, எரிவாயு, கலக்குபவரின் உழைப்பு ஆகியவற்றோடு செலவு முடிந்துவிடுகிறது. இலையில் விட்டதைக் குவளையில் பிடித்துத்தான் பல கடைகள் மாதக் கடைசியைத் தாண்டின.

அந்த வரவு இப்போது தேய்ந்துவருகிறது. சாப்பிட வரும் இளையோரில் ஒரு பகுதியினர் வெந்நீர் போதும் என்கிறார்கள். வேறு சிலர் வெளியே வாங்கிய காப்பிக் குவளையோடு உள்ளே நுழைகிறார்கள். ஸ்டார்பக்ஸ் 1998 டிசம்பரில் புக்கிட் பிந்தாங்கில் முதல் கடையைத் திறந்தபோது நம் கடைகளுக்கு அதனால் பாதிப்பில்லை, ஏனெனில் அங்கே போனவர்கள் வேறு வகையினர். இன்றைய நிலை அப்படியில்லை. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஸூஸ் காப்பி, சிறிய இடம், செயலி வழி முன்பதிவு, மிதமான விலை என்ற முறையில் வளர்ந்து, கடைகளின் எண்ணிக்கையில் ஸ்டார்பக்சையே முந்திவிட்டது. சீனாவிலிருந்து வந்த சாஜி தேநீர்க் கடை 2019ஆம் ஆண்டிலேயே இங்கே கால் பதித்தது. லக்கின் காப்பி 2025ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. இவற்றுள் சாஜிதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. அங்கே விற்பது தேநீரும் பாலும்தான். நம் கடையில் இரண்டரை வெள்ளி கொடுக்கத் தயங்கும் அதே பிள்ளைகள் அங்கே பத்து வெள்ளியை ஒட்டிய விலையைக் கொடுத்து, வரிசையிலும் நிற்கிறார்கள். தேநீருக்கு மக்கள் விலை கொடுக்கிறார்கள், ஆனால் நம்மிடம் கொடுப்பதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கணக்கேடு, செந்தூல்:

உணவகங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லாப்பெட்டி அண்ணன் கூறியது கணக்கேட்டில் அப்படியே தெரிகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியாக இருந்து, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்துகிறது. அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2025 அக்டோபர் முதல் ஊழியர் சேமநிதியில் முதலாளி 2 விழுக்காடு செலுத்த வேண்டும். இவை தொழிலாளிக்குச் சேர வேண்டியவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தத் தொகை எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

சேவை வரியைப் பற்றி ஒரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்துகிறேன். 2024 மார்ச்சில் பொதுவான சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவு, பானச் சேவைக்கு அது 6 விழுக்காடாகவே நீடித்தது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் கடைகள்தாம் அதற்குப் பதிந்துகொள்ள வேண்டும். பெரிய கடைகள் ரசீதில் போடும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் இதிலிருந்து வேறானது. அது அரசுக்குப் போவதில்லை.

என் பரிந்துரை எளியது. தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) விலையை 50 சென் உயர்த்துங்கள். ஒரு குவளைக்கு ஐம்பது சென் என்பது மாத முடிவில் ஒரு தொழிலாளியின் சம்பள உயர்வை ஈடுகட்டும் அளவுக்குச் சேரும். வாடிக்கையாளர் இரண்டு வாரம் முணுமுணுப்பார், பிறகு பழகிவிடுவார்.

வரக்கோப்பி, ஜார்ஜ்டவுன்:

கணக்கேடு தம்பியின் கணக்கு சரியாக இருக்கலாம். தொழில் அறிவுக்கு அது ஒத்துவராது. பினாங்கில் நாசி கண்டார் கடையிலும் பிறகு தேநீர் மேடையிலுமாக என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஒரு குவளை தே தாரிக் என்பது எங்கள் கடைகளில் நாற்காலிக்கான வாடகையாகவே இருந்துவந்திருக்கிறது. இரவுப் பணி முடிந்த காவலாளி, பாரவண்டி ஓட்டுநர், பிள்ளையை டியூஷனுக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் தகப்பன் ஆகியோர் அந்த ஒரு குவளையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார்கள். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். நம் கடைகளுக்கு மரியாதை அதனால் வந்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியக் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரிக்கையும் குறிப்பிட்டது, பல இனத்தார் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தை முன்வைத்துத்தான். அந்தக் குவளையின் விலையில் முதலில் கைவைத்தால், எளியவன்தான் முதலில் வெளியேறுவான்.

2019 ஜனவரியில் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபோது கடைகள் காலியாகிவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். அப்படி ஆகவில்லை, மாறாகக் குடும்பங்கள் கூடுதலாக வந்தன. எனவே மாற்றம் என்றாலே நான் எதிர்ப்பவன் என்று நினைக்க வேண்டாம். சாதாரணத் தேநீரை அதன் விலையிலேயே விட்டுவிட்டு, வேறு எதை வைத்து வரவை உயர்த்தலாம் என்று பாருங்கள்.

செம்பருத்தி, செராஸ்:

நான் உணவகத் தொழிலில் இல்லை. நீரிழிவு நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். இந்த உரையாடலில் சர்க்கரையைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி 2019ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெரியோர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இறங்கியிருந்தாலும் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்ற நிலைதான் அது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகம். என்னிடம் வருபவர்களில் பலர் சோற்றைக் குறைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள்; நாளைக்கு எத்தனை தேநீர் என்று கேட்டால் தயங்குவார்கள்.

அரசு 2019 ஜூலையில் சர்க்கரைப் பான வரியை லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கி, 2024 ஜனவரியில் 50 சென்னாகவும் 2025 ஜனவரியில் 90 சென்னாகவும் உயர்த்தியது. நூறு மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பொட்டலப் பானங்களுக்கே பெரும்பாலும் அது பொருந்தும். உற்பத்தியாளர்கள் பலர் வரியைத் தவிர்க்கவே சர்க்கரையைக் குறைத்தார்கள். ஆனால் கடையில் கையால் கலக்கும் குவளைக்கு அந்த வரி கிடையாது. ஆதலால் குறைக்க வேண்டும் என்ற நெருக்குதலும் அங்கே இல்லை. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப் பாலில் பாதி அளவு சர்க்கரைதான். கடைகளில் பெரும்பாலும் பயன்படுவது செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர் என்பதால், பால் குடிக்கிறோம் என்ற ஆறுதலும் முழு உண்மையாகாது.

உங்களிடம் வெந்நீர் கேட்கும் இளையோர் கஞ்சத்தனத்தால் கேட்கவில்லை, அண்ணா. அவர்களுடைய தாய் தந்தையரின் கால் புண்ணையும் கண் பார்வைக் குறைவையும் அவர்கள் வீட்டிலேயே பார்க்கிறார்கள். இனிப்புக் குறைந்த, ஆனால் சுவை குன்றாத ஒரு பானத்தை நீங்கள் நம்பிக்கையோடு கொடுத்தால் அவர்கள் காசு கொடுத்துக் குடிப்பார்கள். சாஜியிலும் ஸூஸிலும் இனிப்பின் அளவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா?

கல்லாப்பெட்டி, பிரிக்பீல்ட்ஸ்:

செம்பருத்தி அக்காவின் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் கடையிலும் "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று நாள் முழுவதும் கேட்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், கலக்குபவர் கைப்பழக்கத்தில் கெட்டிப் பாலை ஊற்றுகிறார். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர். இனிப்பைக் குறை என்று சொன்னால் பாலும் சேர்ந்து குறைகிறது. தேநீர் வெளிறிக் கசக்கிறது, நுரையும் நிற்பதில்லை. குடித்தவர் அடுத்த முறை வெந்நீருக்குப் போய்விடுகிறார். தே சி கோசோங் இருக்கிறது, அதாவது சர்க்கரை இல்லாத ஆவிப்பால் தேநீர். ஆனால் அதை நோயாளிக்கான பானமாகவே எல்லாரும் பார்க்கிறார்கள். இதைச் செய்முறையில் சரிசெய்ய முடியுமா?

பனிக்குவளை, கோலாலம்பூர்:

முடியும். நான் நட்சத்திர விடுதி ஒன்றின் பானப் பிரிவில் வேலை பழகி, இப்போது சிறு உணவகங்களுக்குப் பானப் பட்டியல் அமைத்துக் கொடுக்கிறேன்.

முதலில் தேநீர். உங்கள் கடைகளில் காலையில் போட்ட தேயிலைச் சாயம் மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடக்கிறது. அதில் துவர்ப்பும் கசப்பும் ஏறுகின்றன. அந்தக் கசப்பை மறைக்கத்தான் இவ்வளவு இனிப்பு தேவைப்படுகிறது. சாயத்தைச் சிறு அளவில் அடிக்கடி போடுங்கள். தூளை எடைபோட்டு, நீரை அளந்து, நேரம் பார்த்து வடித்துவிடுங்கள். அப்படிச் செய்தாலே கெட்டிப் பால் ஒரு பங்கு குறைந்தாலும் நாக்குக்குத் தெரியாது. ஆவிப்பாலில் செய்யும்போது சாயம் இன்னும் அடர்த்தியாக இருக்க வேண்டும். கெட்டிப் பாலை ஊற்றுவதற்கு அளவுக் கரண்டி வையுங்கள். முழு இனிப்பு, பாதி, இல்லை என்று மூன்று நிலைகளைப் பட்டியலிலேயே அச்சிடுங்கள். தேர்வு எழுத்தில் இருந்தால் கேட்பவருக்குக் கூச்சம் இல்லை, கலக்குபவருக்கும் குழப்பம் இல்லை.

இனித் தொழிலின் போக்கைப் பற்றி. நகரின் உயர்நிலை மதுக்கூடங்களும் உணவகங்களும் இப்போது எதைத் தேடுகின்றன என்பதைப் பாருங்கள். ஃபோர் சீசன்ஸ் விடுதியிலுள்ள பார் டிரிகோனா தன் பெயரையே கொடுக்கில்லாத கெலுலுட் தேனீயிடமிருந்து எடுத்துக்கொண்டது. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேடு முதன்முறையாக 2022 டிசம்பரில் வெளிவந்தது; அதற்கு அடுத்த ஆண்டு இரட்டை நட்சத்திரம் பெற்ற டெவாக்கான் உணவகம், உள்நாட்டுக் காட்டிலும் கடலிலும் தோட்டத்திலும் கிடைப்பவற்றைக் கொண்டே தன் பெயரை நிலைநாட்டியது. அதோடு மதுவில்லாத பானங்களுக்கும் அங்கெல்லாம் தனி இடம் வந்திருக்கிறது. பீர் மீதான கலால் வரி 2025 நவம்பரில் மீண்டும் 10 விழுக்காடு உயர்ந்தது. குடிப்பவர்களின் ஆர்வமும் மாறுகிறது. விடுதியில் ஒரு குவளை மதுவில்லாக் கலவைக்கு முப்பது வெள்ளி வாங்குகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது? புளி, இஞ்சி, பாண்டான் இலை, குலா மெலாக்கா, சங்குப்பூ, எலுமிச்சை. இவற்றில் பாதி உங்கள் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கின்றன.

பானகம், நீர்மோர், நன்னாரி, சுக்குமல்லி ஆகிய நான்கும் நம்மிடம் பரம்பரையாக இருப்பவை. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் பந்தல்களில் நீர்மோரும் பானகமும் ஊற்றுகிறோம். மறுநாள் கடையில் கேட்டால் பட்டியலில் இல்லை என்கிறோம். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பழைய வாடிக்கையாளர், ஈப்போ சாலை:

தொழில் தெரிந்தவர்கள் பேசும் இடத்தில் சாப்பிடப் போகிறவனின் குரலும் ஒலிக்கட்டும். நான் பணி ஓய்வு பெற்றவன். அண்மைக் காலமாகப் பல கடைகளில் மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தைக் காட்டிவிட்டுப் பணியாளர் போய்விடுகிறார். என் மனைவிக்கு அந்தச் சிறு எழுத்துகள் தெரிவதில்லை. ஆள் பற்றாக்குறை எனக்கும் புரிகிறது. இருப்பினும் "வாங்க, உட்காருங்க, என்ன குடிக்கிறீங்க" என்று கேட்க ஒருவர் இல்லாவிட்டால் அந்த இடம் உணவகமாகத் தோன்றவில்லை. பணம் செலுத்த டூயிட்நவ் இருக்கட்டும். ஆர்டர் எடுக்க மனிதர் இருக்கட்டும்.

வெந்நீருக்கு விலை போடுவதைப் பற்றியும் ஒரு சொல். விலை போடுவது உங்கள் உரிமை. ஆனால் அது விலைப்பட்டியலில் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்கூட்டியே தெரிந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ரசீதில் திடீரென்று பார்க்கும்போதுதான் மனம் கசக்கிறது.

கணக்கேடு, செந்தூல்:

ஐயாவின் கருத்து சரியானது. அதற்குக் கணக்கிலும் ஆதாரம் உண்டு. பணியாளர் நேரில் கேட்கும் மேசையில் இரண்டாவது பானமும் ஒரு வடையும் கூடுதலாகப் போகின்றன. கட்டத்தை மட்டும் நம்பும் கடைகளில் அது நடப்பதில்லை என்று என்னிடம் கணக்குக் கொடுக்கும் முதலாளிகளே சொல்கிறார்கள்.

தேநீர் விலையைப் பற்றி வரக்கோப்பி அண்ணன் சொன்னதை யோசித்தேன். அடிப்படைத் தேநீரை உயர்த்தாமல், அதற்கு மேலே ஐந்து முதல் எட்டு வெள்ளி வரையில் நான்கைந்து பானங்களை வைத்தால் கணக்கு நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். உணவு விநியோகச் செயலிகள் 30 விழுக்காடு வரை தரகு எடுக்கின்றன. அதில் இலைச் சாப்பாட்டின் சொற்ப லாபமும் கரைந்துவிடுகிறது. பானமோ வழியிலேயே ஐஸ் உருகி நீர்த்துப் போகிறது. எனவே பானத்துக்கான முதலீடு முழுவதும் கடைக்குள் உட்காருபவருக்காகவே இருக்க வேண்டும். மாலை மூன்று மணி முதல் ஆறு மணி வரை வாழையிலைக் கடைகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. வாடகையும் சம்பளமும் அந்த மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. பலகாரமும் நல்ல பானமும் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

வரக்கோப்பி, ஜார்ஜ்டவுன்:

இந்த வழியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தேநீரோடு காப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் வருவதற்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிலாங்கூரின் காஜாங், கிள்ளான் பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். இலங்கையில் இலைத்துரு நோய் காப்பியை அழித்த காலத்தில் அங்கிருந்து தோட்டக்காரர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். இந்தத் தாழ்நில வெப்பத்துக்கு ஏற்ற லிபெரிகா என்ற காப்பி வகை இங்கே வேரூன்றியது. பிரேசில் காப்பியால் விலை விழுந்த பிறகே தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. ஜோகூரில் லிபெரிகா இன்றும் விளைகிறது. புதிய காப்பிக் கடைகள் அதை அரிய வகை என்று தனியாக விற்கின்றன. நம் பாட்டன்மார் பயிரிட்ட கொட்டையை நாம் ஏன் வரக்கோப்பியாக (பால் சேர்க்காத காப்பியாக)க் கொடுக்கக் கூடாது?

பினாங்குக்காரன் என்பதால் ஜாதிக்காய்ச் சாற்றையும் சொல்லியாக வேண்டும். பாலேக் பூலாவில் விளையும் ஜாதிக்காயின் சதையிலிருந்து எடுப்பது அது. வெயில் நேரத்தில் புளிப்பும் இனிப்பும் கலந்த அதன் மணத்துக்கு ஈடில்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு: அழகான பெயரை அச்சிட்டுவிட்டு உள்ளே பாகு நீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் பெயர் கெட்டுவிடும். கலக்குபவருக்குக் கற்றுக்கொடுங்கள், கற்றுக்கொண்டபின் சம்பளத்தையும் உயர்த்துங்கள். நம் கடைகளில் சமையல்காரருக்குப் பெயர் உண்டு. தேநீர் ஆற்றுபவரை "தம்பி" என்று மட்டும் அழைக்கிறோம். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் வாடிக்கையாளரும் பின்னாலேயே போவதை நான் எத்தனையோ கடைகளில் கண்டிருக்கிறேன்.

கல்லாப்பெட்டி, பிரிக்பீல்ட்ஸ்:

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். தே தாரிக் விலை மாறாது. மூன்று இனிப்பு நிலைகளும் வெந்நீரின் விலையும் பட்டியலில் அச்சாகும். சாயத்தைச் சிறு அளவில் போடுவதற்கு வடிகட்டியும் எடைக்கருவியும் வாங்கிவிட்டோம். மாலை நேரத்தில் பானகம், இஞ்சி நீர்மோர், சுக்குமல்லி, லிபெரிகா வரக்கோப்பி ஆகியவற்றோடு உளுந்து வடையும் கொடுக்கப் போகிறோம். மாலையில் ஆர்டர் எடுக்க ஒருவர் மேசைக்கு வருவார். ஐயா தம் துணைவியாரை அழைத்துக்கொண்டு வர வேண்டும். மேடையில் நிற்கும் முருகையா அண்ணனுக்குச் சம்பளத்தை உயர்த்தி, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறோம்.

பனிக்குவளை அக்காவிடம் ஒரு சந்தேகம். பானகத்தைக் காலையிலேயே மொத்தமாகக் கலந்து வைத்தோம். மாலைக்குள் மணம் போய்ச் சற்றுக் கசந்தது. வெல்லத்தின் குறையா, ஏலக்காயின் குறையா?

பனிக்குவளை, கோலாலம்பூர்:

இரண்டும் இல்லை, எலுமிச்சைதான் காரணமாக இருக்கும். பிழிந்த சாறு மணிக்கணக்கில் நின்றால் மணம் இழந்து கசக்கும். வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்த பாகை மட்டும் காய்ச்சி வடிகட்டி, ஆறவைத்து, தேதி எழுதிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஆர்டர் வந்த பிறகு பாகை அளந்து ஊற்றி, குளிர்ந்த நீர் சேர்த்து, எலுமிச்சையைக் குவளைக்கு மேலேயே பிழியுங்கள். ஒரு சிட்டிகை உப்பையும் மறக்காதீர்கள். உப்பு சேர்ந்தால் பாகின் அளவைக் குறைத்தாலும் இனிப்பு எடுப்பாகத் தெரியும். செம்பருத்தி அக்காவுக்கும் அது பிடிக்கும்.